சின்னத்திரைக்கு ஒரு கன்னக்கோல்

ரோம் நகரத்தில் ஓர் இரவு. அடகுக்கடை ஒன்றின் இரும்புப் பெட்டகத்தைக் குறிவைத்து, அதை ஒட்டிய ஆளில்லாத வீட்டுக்குள் ஒரு கும்பல் நுழைகிறது. வியர்க்க வியர்க்கச் சுவரில் கன்னம் வைக்கிறார்கள். கடைசிக் கல் பெயர்ந்து விழுந்ததும் எட்டிப் பார்த்தால், அந்தப் பக்கம் இருப்பது அதே வீட்டின் சமையலறை. இடித்திருக்க வேண்டிய சுவர் வேறு. இனி பெட்டகத்துக்கு நேரமில்லை. சமையலறையில் கொண்டைக்கடலை போட்ட பாஸ்தா இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மரியோ மோனிச்செல்லி 1958-இல் எடுத்த 'இ சோலிதி இன்யோதி' என்ற இத்தாலியப் படத்தின் உச்சக்காட்சி இது. 'வழக்கமான அடையாளம் தெரியாதவர்கள்' என்பது தலைப்பின் பொருள். திருட்டுச் செய்தி எழுதும்போது நம் நாளிதழ்கள் 'மர்ம நபர்கள்' என்று போடுமே, அப்படித் தேய்ந்துபோன ஒரு தொடர். கொள்ளை நகைச்சுவை என்ற படவகையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் இல்லை. அந்த வகையின் ஆகப்பெரிய சிரிப்புக்கு ஒரு சுவரும், ஓர் அடுப்பும், ஒரு பானையும், களைத்துப்போன சில முகங்களுமே போதுமாக இருந்தன என்பதை இந்தக் காட்சி காட்டுகிறது.

கொள்ளை நகைச்சுவை என்றதும் நம் நினைவுக்கு வருவது திரையரங்கப் படங்கள்தான். தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட இவ்வகைப் படங்களை விமர்சகர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பணம் குறைவு, நாள் குறைவு, நடுநடுவே விளம்பரம், பார்த்த மறுநாளே மறந்துவிடும் சரக்கு என்பது அவர்களின் கணக்கு. அந்தக் குறைகள் எல்லாமே உண்மை. ஆனால் வேறு எந்த வகைப் படத்தையும்விடக் கொள்ளை நகைச்சுவைக்கு அந்தக் குறைகள் பொருந்திப் போகின்றன என்பதும், சின்னத்திரை அதற்கு ஒண்டுக்குடித்தனம் ஆகாமல் சொந்த வீடாகவே அமைந்தது என்பதும் என் வாதம்.

இதற்கு முதலில் கொள்ளைப் படம் என்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஒருவன் கத்தியைக் காட்டிப் பணப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினால் அது குற்றப் படம். கொள்ளைப் படம் ஆகாது. கொள்ளைப் படத்தில் ஆள் சேர்க்க வேண்டும், இடத்தை நோட்டம் விட வேண்டும், யாருக்கு எந்த வேலை என்று பிரிக்க வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும். அப்புறம்தான் களவு, தப்பித்தல், பங்கு பிரித்தல் எல்லாம். ஆக இது அடிப்படையில் ஒரு வேலையைப் பற்றிய கதை. ஜூல் தஸ்ஸான் 1955-இல் பிரான்சில் எடுத்த 'ரிஃபிஃபி' இதை உலகத்துக்கே நிறுவிக் காட்டியது. அதில் ஏறத்தாழ அரை மணி நேரம் நீளும் கொள்ளைக் காட்சியில் ஒரு சொல் கிடையாது, இசை கிடையாது. கூரையைத் துளைக்கும் மனிதர்களின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தச்சரையோ பொற்கொல்லரையோ பார்ப்பதுபோல அவர்களைப் பார்க்கிறோம். களவைக் கைத்தொழிலாகப் பார்ப்பது சினிமா கண்டுபிடித்ததும் அல்ல. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழில் தந்த 'மிருச்சகடிகம்' என்ற பழைய வடமொழி நாடகத்தில் சர்விலகன் என்ற திருடன் வருகிறான். சுவரில் எந்த வடிவத்தில் துளையிடுவது என்று கலைஞனைப் போல யோசிக்கிறான்; அளவுநூல் கொண்டுவர மறந்ததால் தன் பூணூலையே அளவுகோலாக்குகிறான். கொள்ளை நகைச்சுவையின் முழுச் சாரமும் அந்த ஒரு செயலில் இருக்கிறது: உயர்ந்த தொழில் அறிவு, கையில் அகப்பட்ட எளிய கருவி, இரண்டும் சேரும்போது பிறக்கும் சிரிப்பு.

மோனிச்செல்லியின் படம் 'ரிஃபிஃபி'யைக் கேலி செய்யவே பிறந்தது. ஆனால் கேலிக்குப் பின்னால் ஆழ்ந்த பரிவு இருக்கிறது. அந்தக் கும்பலில் இருப்பவர்கள் தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரன், மனைவி சிறையில் இருப்பதால் கைக்குழந்தையோடு அல்லாடும் புகைப்படக்காரன் போன்றவர்கள். பெட்டகம் உடைப்பது எப்படி என்று அவர்களுக்கு வகுப்பெடுப்பவர் தோத்தோ. இத்தாலி கொண்டாடிய நகைச்சுவை நடிகர். போருக்குப் பிந்தைய ரோமில் இவர்களுக்கு ஒழுங்கான வேலை கிடையாது. அதனால் களவை ஓர் ஒழுங்கான வேலையாகச் செய்ய முயல்கிறார்கள். பிரிட்டனின் ஈலிங் நிறுவனம் 1951-இல் தந்த 'தி லாவெண்டர் ஹில் மாப்' படத்திலும் இதே இழைதான். அலெக் கின்னஸ் நடித்த ஹாலண்ட் என்ற வங்கி ஊழியர், தங்கக் கட்டிகள் வண்டியில் வருவதை இருபது ஆண்டுகளாக மேற்பார்வை பார்த்தவர். அவர் நேர்மையானவர், கற்பனை இல்லாதவர் என்று மேலதிகாரிகள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் அவருடைய கன்னக்கோல். நினைவுப் பொருள் செய்யும் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, தங்கத்தை உருக்கி ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக வார்த்து நாடு கடத்துகிறார். அவற்றில் ஆறு, பாரிசுக்குச் சுற்றுலா வந்த ஆங்கிலேயப் பள்ளிச் சிறுமிகளின் கைக்குத் தவறிப் போய்விடுகின்றன. இந்தக் கதையை எழுதிய டி. ஈ. பி. கிளார்க்குக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. இரண்டு படங்களிலும் நம்மைக் கட்டிப்போடுவது பணத்தின் அளவு இல்லை. காலமெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்கள், வாழ்வில் ஒருமுறை தங்களுக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள் என்பதே நம்மைக் கட்டிப்போடுகிறது.

இனி தொலைக்காட்சிக்கு வருவோம். அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கென்றே முழுநீளப் படம் எடுக்கும் வழக்கம் 1964-இல் தொடங்கியது. அதன் தொடக்கத்திலேயே நம் பொருளுக்கு நெருக்கமான ஒரு நிகழ்வு இருக்கிறது. டான் சீகல் இயக்கிய 'தி கில்லர்ஸ்' தொலைக்காட்சிக்காகவே எடுக்கப்பட்ட படம். அஞ்சல் வண்டிக் கொள்ளை ஒன்று அதன் கதைக்கு நடுவில் நிற்கிறது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரேகன் கடைசியாக நடித்த படமும் அதுதான். ஆனால் முடிந்த படத்தைப் பார்த்த என்.பி.சி. நிறுவனம், வீட்டுக்குள் காட்ட முடியாத அளவுக்கு வன்முறை இருக்கிறது என்று மறுத்துவிட்டது. படம் திரையரங்குக்குப் போனது. தொலைக்காட்சி எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதை அந்த முதல் மறுப்பே சொல்லிவிட்டது. ரத்தம் சிந்தும் கொள்ளைக்கு வரவேற்பறையில் இடமில்லை. ஆகவே தொலைக்காட்சிக்கு வரும் கொள்ளைக்காரன் துப்பாக்கியை நம்ப முடியாது. வாயையும் மூளையையும் கூட்டாளியையும்தான் நம்ப வேண்டும். நகைச்சுவைக்கான வாசல் அங்கே திறந்தது.

அடுத்து வந்தது நேரக்கட்டு. ஏ.பி.சி. நிறுவனம் 1969 செப்டம்பரில் 'மூவி ஆஃப் தி வீக்' என்ற வரிசையைத் தொடங்கி 1975 வரை நடத்தியது. வாரந்தோறும் ஒரு புதுப் படம், தொண்ணூறு நிமிட இடம். விளம்பரங்களைக் கழித்தால் படத்துக்கு மிஞ்சுவது எழுபத்தைந்து நிமிடத்துக்கும் குறைவு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் பெயரை முதன்முதலில் பரவலாகத் தெரியவைத்த 'டூயல்' 1971-இல் இந்த வரிசையில் வந்த படம்தான். 74 நிமிடம் ஓடியது, படப்பிடிப்பு இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. ஒரு லாரி, ஒரு கார், ஒரு நெடுஞ்சாலை, பயந்துபோன ஒரு மனிதன், அவ்வளவே. காசில்லாத இடத்தில் வடிவம் கூர்மை பெறும் என்பதற்கு அதைச் சான்றாகச் சொல்வார்கள். அதே பள்ளியில் படித்த கொள்ளை நகைச்சுவை ஒன்று, 1974 நவம்பரில் அதே வரிசையில் ஒளிபரப்பான 'தி கிரேட் ஐஸ் ரிப்-ஆஃப்'. அமெரிக்கத் திருடர் பேச்சில் 'ஐஸ்' என்றால் வைரம்.

அதன் கரு அவ்வளவு எளிமையானது. அதனாலேயே அவ்வளவு புத்திசாலித்தனமானது. அமெரிக்க மேற்குக் கரையோரமாக ஓடும் சாதாரணப் பயணிகள் பேருந்து ஒன்றை வைரத் திருடர் கும்பல் தன் தப்பிக்கும் வாகனமாக வைத்துக்கொள்கிறது. கொள்ளையடித்தவன் வேகமான காரில் பறப்பான் என்றுதான் போலீஸ் நினைக்கும். பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, ஊர் ஊராக நின்று போவான் என்று யார் நினைப்பார்கள்? கும்பலின் தலைவராக கிக் யங். 1969-இல் வந்த 'தே ஷூட் ஹார்சஸ், டோண்ட் தே?' படத்துக்கு ஆஸ்கர் பெற்றவர். அதே பேருந்தில் பயணியாக வருகிறார் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர். அந்த வேடத்தில் லீ ஜே. காப். '12 ஆங்ரி மென்' படத்தில் கடைசிவரை பிடிவாதம் பிடிக்கும் நடுவராக அவரைப் பலரும் பார்த்திருப்பார்கள். இயக்கியவர் டான் கர்ட்டிஸ். 'டார்க் ஷேடோஸ்' என்ற பேய்த் தொடரால் பெயர் பெற்ற அவர் இந்த முறை ஒரு பேருந்துக்குள் சிரிப்பைத் தேடினார்.

ஒரு திரைக்கதை ஆசிரியரின் கண்ணால் அந்தப் பேருந்தைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். தயாரிப்பாளருக்கு அது செலவைக் குறைக்கும் களம்: ஒரே உட்புறம், குறைந்த விளக்கு, குறைந்த நடிகர்கள். கதைக்கு அது மறைவிடம், தப்பிக்கும் வண்டி, பொறி ஆகிய மூன்றும். நகைச்சுவைக்கோ அதைவிடப் பெரிய கொடை: திருடனும் போலீஸும் ஒருவரை விட்டு ஒருவர் விலகிப் போக முடியாது, அடுத்த நிறுத்தம் வரும்வரை மரியாதையாகப் பேசிக்கொண்டுதான் இருக்க வேண்டும். திரையரங்கப் படம்போலப் பத்து மடங்கு பணம் கொடுத்திருந்தால் அந்த எழுத்தாளர் பேருந்தை விட்டுவிட்டு ஹெலிகாப்டரைத் தேடிப் போயிருக்கக்கூடும். விளம்பர இடைவேளையும் இப்படித்தான். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னும் பார்வையாளரைத் தொங்கலில் விட வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார். காதல் கதையையோ குடும்பக் கதையையோ அப்படி வெட்டினால் உயிர் போகும். கொள்ளைத் திட்டமோ இயல்பிலேயே படிகளாக வெட்டப்பட்ட ஒன்று. ஆள் சேர்ந்தாயிற்று, இடைவேளை. உள்ளே நுழைந்தாயிற்று, இடைவேளை. பூட்டு திறக்கவில்லை, இடைவேளை. வேறு வகைப் படங்களுக்குக் காயமாகும் வெட்டு இங்கே மூட்டாகிவிடுகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கொள்ளை நகைச்சுவையின் கொடுமுடிகள் பெருந்திரையில்தானே இருக்கின்றன? தஸ்ஸானே 1964-இல் எடுத்த 'டாப்காப்பி'யில் இஸ்தான்புல் அரண்மனை அருங்காட்சியகத்தின் கூரையிலிருந்து, தரையைத் தொடாமல் கயிற்றில் ஒருவன் இறங்கும் காட்சியை இன்றுவரை உலகமே நகலெடுக்கிறது. 1969-இல் வந்த பிரிட்டனின் 'தி இத்தாலியன் ஜாப்' படத்தில் டூரின் நகரத்துப் படிக்கட்டுகளிலும் கூரைகளிலும் மினி கார்கள் பாய்கின்றன. இவற்றைச் சின்னத்திரையில் எடுத்திருக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'டாப்காப்பி'யில் ஆஸ்கர் யாருக்குப் போனது என்று பாருங்கள். கயிற்றில் இறங்கியவருக்கு அல்ல. பயந்து பயந்து, வேர்த்து வடிந்து, அந்தக் கும்பலில் ஒட்டிக்கொள்ளும் சில்லறை ஏமாற்றுக்காரனாக நடித்த பீட்டர் உஸ்தினோவுக்கு. கயிறு நம் மூச்சைப் பிடித்து நிறுத்தியது உண்மை. சிரிப்பை வரவழைத்தது உஸ்தினோவின் முகம். முகத்துக்குப் பெருந்திரை தேவையில்லை. வீட்டுக்கூடத்தில் நாலடி தள்ளி இருக்கும் பெட்டிக்குள் ஒரு மனிதனின் தவிப்பு, திரையரங்கில் தெரிவதைவிட நெருக்கமாகத் தெரியும்.

இந்தக் காலத்தில் அந்த மறுப்புக்கு எதிர்ச்சான்று ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2021-இல் வெளியிட்ட 'ரெட் நோட்டீஸ்', வீட்டுத் திரைக்கென எடுக்கப்பட்ட கொள்ளை நகைச்சுவைதான். டுவெய்ன் ஜான்சன், ரையன் ரெனால்ட்ஸ், கேல் கடோட் என்று மூன்று பெரிய நட்சத்திரங்கள். செலவு சுமார் 20 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. கிளியோபாட்ராவின் மூன்று பொன் முட்டைகளைத் தேடி அவர்கள் நாடு நாடாகப் பறக்கிறார்கள். பார்த்தவர் எண்ணிக்கையில் அது பெரிய வெற்றி. ஆனால் அதில் யாரும் வேலை செய்வதைப் பார்க்க முடிவதில்லை. திட்டம் சிக்கினால் அடுத்த காட்சியில் வேறு நாட்டில் இருக்கிறார்கள். பூட்டோடு மல்லுக்கட்டும் கை இல்லை, தவறான சுவர் இல்லை, பசி இல்லை. பணம் எல்லாத் தடைகளையும் அகற்றிவிட்டது; கொள்ளை நகைச்சுவையின் மூலப்பொருளே தடைதான். அதற்கு நேர்மாறாக டென்மார்க்கின் 'ஓல்சன் கும்பல்' படங்களைச் சொல்லலாம். அவை திரையரங்கப் படங்கள்தான், ஆனால் குணத்தால் வீட்டுத் திரைக்கு உறவு. 1968 முதல் 1998 வரை 14 படங்கள். தலைவர் ஈகான் சிறையிலிருந்து வெளியே வருவார், ஒரு திட்டம் வைத்திருப்பார், கடைசியில் பெரும்பாலும் மீண்டும் சிறைக்கே போவார். பென்னியும் கியெல்டும் அதே கூட்டாளிகள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் அந்த நாட்டு மக்கள் சலிக்கவில்லை. 1999-இல் அந்தக் கும்பலின் சிறுவயதுக் கதை கிறிஸ்துமஸ் கால நாட்களில் நாளுக்கொன்றாக வரும் 24 பகுதித் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. வாராவாரம் வீட்டுக்கு வரும் மாமாவைப் போன்ற திருடனுக்கு அதைவிட இயல்பான இடம் எது?

அவசரமாக எடுத்தவை தரமாக இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: பல படங்கள் தரமாக இல்லை. தட்டையான ஒளி, அரைகுறை இசை, கடைசிப் பத்து நிமிடத்தில் அள்ளித் தெளித்த முடிவு என்று குறைகளை அடுக்கலாம். அதில் எனக்கு வாதாட ஒன்றுமில்லை. திரையரங்கப் படங்களிலும் பெரும்பகுதி அப்படித்தான்.

கனமான மறுப்பு அறம் சார்ந்தது. திருட்டைச் சிரிப்பாக்கி, குழந்தைகளும் இருக்கும் கூடத்துக்குள் கொண்டுவரலாமா? இந்தக் கேள்வியை அமெரிக்கத் தொலைக்காட்சி தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. அங்குள்ள ஒலிபரப்பாளர் சங்கம் 1952-இல் நடைமுறைப்படுத்திய தொலைக்காட்சி நெறிமுறை, குற்றத்தை விரும்பத்தக்கதாகக் காட்டக் கூடாது, விளையாட்டுத்தனமாகக் கையாளவும் கூடாது என்று கட்டளையிட்டது. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் கொள்ளை நகைச்சுவைக்கே அங்கு இடமில்லை. எழுத்தாளர்கள் கண்டுபிடித்த வழி திருடனைத் தோற்கடிப்பது. அதைத் தணிக்கைக்குக் கட்டிய கப்பம் என்று இகழ்வது சுலபம். 'லாவெண்டர் ஹில் மாப்' முடிவை நினைத்துப் பார்த்தால் வேறு விதமாகத் தோன்றும். தென்னமெரிக்க உணவகத்தில் செல்வந்தராக உட்கார்ந்து ஹாலண்ட் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறார். எழும்போதுதான் அவர் கையும் எதிரே இருப்பவர் கையும் ஒரே விலங்கில் பிணைந்திருப்பது நமக்குத் தெரிகிறது. அந்த விலங்கு இல்லாவிட்டால் அது ஒரு பணக்காரரின் தற்பெருமைக் கதை. விலங்கு வந்ததும், இருபது ஆண்டுச் சலிப்புக்கு ஈடாகக் கிடைத்த ஓர் இனிய ஆண்டின் கதையாகிறது. மோனிச்செல்லியின் படத்தில் தோல்விக்குப் பிறகு அந்தக் குத்துச்சண்டைக்காரன் போலீசிடமிருந்து ஒளியப் போய், கட்டட வேலைக்கு வந்த கூலியாட்கள் கூட்டத்தில் சிக்கி உள்ளே தள்ளப்படுகிறான். அவன் வாழ்க்கையில் கிடைத்த முதல் நேர்மையான வேலை! தோல்விதான் இந்தப் படங்களின் கருணை. அதைத் தொலைக்காட்சி நெறிமுறை வற்புறுத்தியது இந்த வகைக்கு நல்லதையே செய்தது.

ஆனாலும் அந்த மறுப்பு முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. இப்படங்கள் பறிகொடுப்பவரை நமக்குக் காட்டுவதில்லை. வங்கி, அருங்காட்சியகம், நகைக்கடை என்று முகமில்லாத நிறுவனங்களைத்தான் காட்டுகின்றன. முகம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை 2015 ஈஸ்டர் விடுமுறையில் லண்டன் ஹாட்டன் கார்டனில் இருந்த பாதுகாப்புப் பெட்டக நிறுவனத்தில் நடந்த கொள்ளை காட்டியது. அதன் விவரங்களைப் பார்த்தால் ஈலிங் எழுத்தாளர்கள் கற்பனை செய்தது போலவே இருக்கும். பெரும்பாலும் வயதான ஆட்கள். மூத்தவருக்கு 76 வயது. அவர் கொள்ளைக்கு வந்தது நகரப் பேருந்தில், முதியோருக்கான இலவசப் பயண அட்டையைக் காட்டி, அதுவும் வேறொருவர் பெயரில் இருந்த அட்டை. அரை மீட்டர் தடிமன் கான்கிரீட் சுவரைத் துளைத்தார்கள்; முதல் இரவு கருவி கைகொடுக்கவில்லை; மூத்தவர் நம்பிக்கை இழந்து ஒதுங்கிக்கொள்ள, மற்றவர்கள் புதுக் கருவி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவர்களைத் தாத்தாக்கள் என்று செல்லம் கொஞ்சின. உடைக்கப்பட்ட 70-க்கும் மேற்பட்ட பெட்டிகள் பெரும்பாலும் சிறு நகை வியாபாரிகளுடையவை. சிலர் காப்பீடு எடுத்திருக்கவில்லை. ஐ.டி.வி. 2019-இல் இதைத் தொலைக்காட்சி நாடகமாக்கியபோது, அந்தப் பேருந்து அட்டை அப்படியே கையில் கிடைத்திருந்தும் அதை நகைச்சுவையாக எடுக்கவில்லை. பெட்டியைப் பறிகொடுத்தவர்களின் பக்கமும் கேமரா திரும்பியது.